அலெய்டுக்கு ஒரு பெஞ்சு

நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரத்து எங்கள் தெருவில் இரண்டே கட்சிதான். என் வலப்பக்கத்து வீட்டு சீப்ரென், கார்க் கட்சி. இடப்பக்கத்து வீட்டு யோரிண்டே, சைக்கிள் கட்சி. அவள் வீட்டில் ஆளுக்கொரு சைக்கிள், மழைக்கென்று பழசு ஒன்று, பிள்ளைகளை ஏற்றிப்போக முன்னால் பெட்டி வைத்தது ஒன்று. அத்தனையும் நடைபாதையில் சாய்ந்திருக்கும். சீப்ரென் காரின் ஒரு பக்கத்துச் சக்கரங்களும் அதே நடைபாதையில்தான்.

நான் சக்கர நாற்காலிக்காரி. தெருமுனை ரொட்டிக்கடைக்கு நானே போய், எனக்குப் பிடித்ததை நானே கைகாட்டி வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மற்றவர்கள் வாங்கி வந்து தந்து, நன்றி சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

தெருக் கூட்டம் யோரிண்டே வீட்டில் நடந்தது. காப்பியோடு ஆளுக்கொரு பிஸ்கட் தந்துவிட்டு டப்பாவை மூடிவிட்டாள்.

"ஒரு கார் நிக்கிற இடத்துல பத்து சைக்கிள் நிக்கும், சீப்ரென். இதுதான் நியாயம்."

"அந்தப் பத்தும் உன் வீட்டுதுதானேம்மா."

"நடைபாதையில நான் எப்படிப் போறதுன்னு யாராச்சும் சொல்லுங்க" என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு வெட்கம் வந்தால் உடனே வேலையில் இறங்கிவிடுவார்கள். அந்த வார இறுதிக்குள் காரும் சாலைக்கு இறங்கியது, சைக்கிள்களும் கொல்லைப்புறம் போயின. திங்கட்கிழமை மடியில் சூடான ரொட்டியோடு நானே திரும்பி வந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், நடைபாதையை அடைத்துக்கொண்டு புதுப் பச்சைப் பெயின்ட்டில் ஒரு பெஞ்சு. இரு பக்கமும் பூந்தொட்டி. பக்கத்தில் சீப்ரெனும் யோரிண்டேயும் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தார்கள். இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

"உங்களுக்காகத்தான், அலெய்ட். போற வழியில கொஞ்சம் உக்காரலாம்ல?" என்றாள் யோரிண்டே.

"நான் வேற என்னம்மா பண்ணிட்டிருக்கேன்?"

இருவர் முகமும் சிவந்துவிட்டது.

"இடம் சும்மாதானே கெடந்துச்சு" என்று முனகினார் சீப்ரென்.

"சும்மா கெடக்கல. நான் போய்ட்டு வந்துட்டிருந்தேன்."

தொட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பெஞ்சை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிச் சாலையில் இறங்கினார்கள்.

"உன் வாசல் பக்கம் வெச்சிரலாம்."

"ஏன், உங்க கார் நிக்கிற எடத்துல வெச்சா ஆகாதா?"

பாதை திறந்துவிட்டது. சக்கரத்தை உருட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

"கடைக்குப் போறேன். உங்களுக்கு ரொட்டி ஏதும் வேணுமா?"

இருவரும் வேண்டுமென்றார்கள். நன்றியும் சொன்னார்கள், பெஞ்சைக் கீழே வைக்காமலே.