விரிப்புக்கு வெளியே முந்நூறு குதிரைகள்

மேசைமேல் கிடந்த கட்டம் போட்ட விரிப்பின் ஓரத்தில் அண்ணன் பிளாஸ்டிக் குதிரைகளை அடுக்கும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முந்நூறு பேர் குதிரைப்படை. கோட்டை வாசலுக்கே வந்தாச்சு," என்றான்.

இந்த விளையாட்டில் கதையை நடத்துபவன் அவன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, செய்வதைச் சொல்ல வேண்டும். நடக்குமா என்பது சந்தேகமென்றால் பகடை உருட்ட வேண்டும். இரண்டு வருடமாக அவள் அந்தக் கோட்டையின் காவற்காரி. படை உள்ளே புகுந்தால் முதலில் சாவது அவள்தான்.

"கோபுரத்து உச்சியில நிக்கிறேன். எனக்கு எப்படித் தெரியாம போச்சு?"

"உருட்டச் சொன்னேன். மூணுதான் விழுந்துச்சு. நான் என்ன பண்ண?"

"பட்டப்பகல், பொட்டல்வெளி. அந்தப் புழுதியைப் பார்க்கப் பகடை எதுக்குண்ணா? பதுங்கி வர்றவனுக்குத்தான் பகடை."

"விரிப்புக்குள்ள வந்தாத்தான் கண்ணுல படும். எப்பவும் அப்படித்தானே ஆடுறோம்?"

"அப்ப உலகமே மேசையோட முடிஞ்சிடுதா?"

"கண்ணுன்னா என்கிட்ட வராதீங்கப்பா, நான் பல்லு மட்டும்தான்," என்றார் எதிரே உட்கார்ந்து கூட ஆடிய பல் டாக்டர். யாரும் சிரிக்கவில்லை.

அவள் நில அளவையாளர். நாளெல்லாம் வெயிலில் முக்காலிக் கருவிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை இடுக்கி நிற்பவள். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து சமவெளியில் இருபது கிலோமீட்டர் தெரியும் என்பது அவளுக்கு மனப்பாடம். நீ பார்க்கவில்லை என்று வேலையிடத்தில் எந்தக் கொம்பனும் அவளிடம் சொன்னதில்லை.

"ரெண்டு வாரமா இந்தச் சண்டையை எழுதியிருக்கேன்," அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "நீ முன்னாடியே பார்த்துட்டா எல்லாம் பாழ்."

தான் எழுதிய சண்டைக்காக அவள் கண்ணைப் பிடுங்கியிருக்கிறான். பழியைப் பகடைமேல் போட்டிருக்கிறான்.

அவள் குதிரைகளை இரு கையாலும் வாரினாள். கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, செருப்பு அலமாரியின்மேல் கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அங்க, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்காங்க. பார்த்துட்டேன். கோட்டை மணியை அடிக்கிறேன்."

"வெளையாடாதே."

"வெளையாடத்தானே வந்தேன்?"

அண்ணன் விதிப்புத்தகத்தைப் புரட்டினான், மூடினான், மறுபடி திறந்தான். டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"மணிச் சத்தம் கேட்டுச்சு. நான் கோட்டைக் கதவைச் சாத்துறேன்."

அண்ணன் அவரை முறைத்தான். பிறகு தங்கையின் முகத்தைப் பாராமல் பென்சிலை எடுத்தான்.

"சுவர்மேல எத்தனை வில்லாளிங்க?"

"நாற்பது," என்றாள். கோபம் இம்மியும் இறங்கவில்லை. உட்காராமல் நின்றபடியே ஆடினாள்.