புழுக்காரி

பருத்தி போட்டவர்கள் எல்லாம் புழு வரக் கூடாதே என்று தவித்துக்கொண்டிருக்க, வந்து தொலையேன் என்று தவித்தவள் அவள் ஒருத்திதான். ஆறு வருஷம் செடியோடு செடியாகக் கிடந்து, புழு துளைக்க முடியாத காய் காய்க்கும் ஒரு ரகத்தை உருவாக்கியிருந்தாள். சோதனை வயலில் போட்ட இரண்டு வருஷமும் புழு தலைகாட்டவே இல்லை. கடிக்க வராத புழுவை ஜெயித்தேன் என்று எந்தச் செடியால் சொல்ல முடியும்? இந்த வருஷமும் வராவிட்டால் மூட்டை கட்டிக்கொள் என்று ஆராய்ச்சி நிலைய இயக்குநர் சொல்லிவிட்டார்.

சோதனை வயலின் வேலியை ஒட்டி அவளுடைய அக்கா புருஷனின் பருத்தி. அவளுக்குப் புழுக்காரி என்று பெயர் வைத்த மாமா அவர்தான். வாய் ஓயாமல் கேலி செய்வாரே தவிர, அவள் சொல்லும் நாளில்தான் மருந்து அடிப்பார்.

அன்று காலை அவள் பூச்சிப் பொறியைத் திறந்தாள். உள்ளே ஒரு கைப்பிடி அந்துப்பூச்சி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இனி முட்டை, நாலைந்து நாளில் புழு. காய்க்குள் புகுந்துவிட்டால் அப்புறம் எந்த மருந்தும் எட்டாது. உடனே அடித்தால் மாமாவின் பருத்தி பிழைக்கும். ஆனால் சுற்றிலும் அடித்துவிட்டால் அவள் வயலுக்குப் புழு வராது.

வேலிக்கு அந்தப் பக்கம் மாமா நின்றார்.

"என்ன புழுக்காரி, விருந்தாளி வந்தாச்சா?"

"இல்ல மாமா." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப மருந்து அடிக்க வேணாம்ல?"

"வேணாம்."

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் என்ன குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். முழுகும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டைத் திறக்கக்கூட மனசு வரவில்லை. மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாமா வாசலில் தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, காலையில பொய் சொல்லிட்டேன். பூச்சி வந்துடுச்சு. இன்னைக்கே அடிச்சிடுங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நான் அடிச்சிடுவேன்," என்றார். "தெருவுல எல்லாரும் மருந்து கலக்கத்தான் இருந்தாங்க. நான்தான் வீடு வீடாப் போய், என் கொழுந்தியா பாத்துட்டா, பூச்சி இல்லன்னு சொல்லி நிறுத்திட்டு வந்தேன்."

தெரு முழுக்க அடித்தால் அவள் வயலில் ஒரு புழுகூட மிஞ்சாது. ஆறு வருஷ உழைப்பும் போச்சு.

"சரி, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்," என்று மாமா துண்டை எடுத்தார்.

"வேணாம் மாமா. பொய் சொன்னது நான். நானே சொல்றேன்."

வண்டியைக்கூட எடுக்காமல் நடந்துபோய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பூச்சி இல்லன்னு சொன்ன புண்ணியவதி நீதானா? உள்ள வாம்மா, உக்காரு."