குடை பிடித்த ஆந்தை

ஹார்டு டிஸ்க் தேஜஸ்ரீயின் கம்ப்யூட்டருக்குப் போன நாளிலிருந்தே சித்ராதேவிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

நல்லூரில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில், பிரின்ட் டிசைன்கள் அத்தனையும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கும். முதலாளி மகுடேஸ்வரன் காலையில் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் வாங்கிப் பூட்டுவார். அது யார் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறதோ, அவர்தான் டிசைன் பிரிவுக்கு மூத்தவர். மற்றவர்கள் நெட்வொர்க் வழியாகத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆர்டர் கொடுக்கும் பையரைப் பார்க்கப் போகும்போது டிஸ்க்கோடு அந்த மூத்தவரும் முதலாளியின் காரில் ஏறுவார். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து இங்கே சேர்ந்ததிலிருந்து அந்த இடம் சித்ராவுடையதாகத்தான் இருந்தது.

இன்று ஏறப்போவது தேஜஸ்ரீ. நேற்று வந்த பெண். அவள் வரைந்த குடை பிடித்த ஆந்தை பையருக்குப் பிடித்துப்போய்விட்டதாம்.

"கிளம்பலாமா கண்ணு? ராயபுரத்துல பையர் ஆபீஸ்ல காத்திட்டிருக்காங்க" என்றார் முதலாளி.

"டிஸ்க் எஜெக்ட் ஆகமாட்டேங்குதுங்க சார். யாரோ பயன்படுத்தறாங்க, இப்ப நிறுத்த முடியாதுன்னே வருதுங்க."

தேஜஸ்ரீ திறந்திருந்த எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி அமுக்கினாள். அதே பதில். துணியில் அச்சடிப்பதற்கான ஃபிலிம் பிரின்ட் ஓடிக்கொண்டிருந்ததால் கம்ப்யூட்டரை அணைக்கவும் வழியில்லை.

சித்ராவுக்குக் காரணம் தெரியும். ஆந்தை இவள் திரையில் திறந்து கிடந்தது. காலையிலிருந்து இறகு இறகாகப் பெரிதாக்கி, ஒரு குறையாவது அகப்படாதா என்று தேடிக்கொண்டிருந்தாள். அகப்படவில்லை.

"அட, அந்த ஒயரைப் புடுங்கிக் குடு கண்ணு. ஒண்ணும் ஆகாது."

புடுங்கட்டும் என்று நினைத்தாள் சித்ரா. ஃபைல் கெட்டாலும் கெடும். பையர் முன்னால் ஆந்தை திறக்காமல் முழிக்கட்டும். அப்புறம் காரில் யார் ஏறுவது என்று பார்க்கலாம்.

தேஜஸ்ரீ எதையோ தட்டி, திரையை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். ஒயரில் கை வைத்தாள். இழுக்காமல் கையை எடுத்துவிட்டாள்.

"வேண்டாமுங்க சார். சித்ராக்கா இத்தனை வருசமாப் போட்ட டிசைன் எல்லாம் இதுலதான் இருக்குது. போச்சுன்னா திரும்ப வராதுங்க."

சித்ராவின் கை தானாக மௌஸுக்குப் போனது. ஆந்தை மூடிக்கொண்டது.

"இன்னொரு தடவ அமுக்கிப் பாரு" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

அமுக்கியதும், கழற்றலாம் என்று திரையின் ஓரத்தில் வந்தது.

"கைராசிக்காரப் புள்ள" என்று சிரித்துக்கொண்டே முதலாளி படியிறங்கினார். சித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு வந்த தேஜஸ்ரீ சித்ராவின் மேஜையருகே நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எந்தக் கம்ப்யூட்டர்ல ஃபைல் திறந்திருக்குதுன்னு என் கம்ப்யூட்டர்ல காட்டுமுங்க அக்கா. உங்குளுதுதான் காட்டுச்சு."

சித்ரா சாம்பிள் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"ஆந்தை நல்லா இருந்துச்சுங்களா?"

"குடைக்குக் கலரு தூக்கலா இருக்கு."

"சரிங்க அக்கா. வந்து பார்க்கறனுங்க."

கீழே கார் கிளம்பியது. திரையில் இப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் குடையின் சிவப்பு சித்ராவின் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு பொட்டுக்கூடத் தூக்கலில்லாத சிவப்பு.