மனைவி பெயரில் ஓர் ஆய்வுக்கூடம்

முதலீட்டாளருக்கு அன்று காலையிலிருந்தே கால் கடுத்தது. புதிதாகத் தொழில் தொடங்கிய மூன்று குழுக்கள் வந்து திரையில் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போயிருந்தன. மூன்றாவது ஆள் பேசும்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிவிட்டார். ஆனாலும் பழக்கதோஷத்தில் எழுந்து கைகுலுக்கி, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தத் தொழிலில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. இன்று மறுக்கப்பட்டவன் நாளைக்கே பெரிய ஆளாகிவிடலாம். அவனுக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அதனால் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். இளைஞர்கள் அவருக்குப் 'பார்க்கலாம் சார்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

முப்பது வருடமாக அடுத்தவர் கனவில் பணம் போட்டுக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் கரைந்து போயிற்று. பிழைத்த இரண்டு மூன்று அவரைக் கோடீஸ்வரராக்கின. இப்போதெல்லாம் லாபம் வந்தால்கூட அலுப்பாகத்தான் இருந்தது. தான் படித்த, இப்போது ஆட்சிக்குழுவிலும் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு விடுதி, நூலகம் என்று கொடுப்பதில் மட்டும் மனசு கொஞ்சம் ஆறியது.

நாளைக்கு அங்கே தாவரவியல் ஆய்வுக்கூடம் திறப்பு விழா. வாசலில் மனைவியின் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டது அதே துறையில்தான். இத்தனை மாதம் மூச்சுவிடாமல் மறைத்து வைத்திருந்தார். அவள் முகம் மலர்வதை விழாக் கூட்டம் பார்ப்பதற்கு முன்பே தான் மட்டும் பார்த்துவிட வேண்டும் என்று சாயங்காலமே அழைத்து வந்தார்.

பெயின்ட் வாசனை போகாத நடை. பெயர்ப்பலகையை மூடியிருந்த துணியை விலக்கினார். அவள் படித்தாள். அவர் பெயரும் ஒட்டிக்கொண்ட தன் பெயர். உள்ளே போய், பிளாஸ்டிக் உறை பிரிக்காத நுண்ணோக்கிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இங்க இடம் கிடைச்சிருக்குங்க" என்றாள். "விட்ட ஆராய்ச்சியை முடிக்க. அடுத்த வாரம் சேரணும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னேனே. மறுபடி படிக்கப் போறேன்னு காபி குடிக்கும்போது சொன்னேன். போனைப் பார்த்துக்கிட்டே பார்க்கலாம்னீங்க. உங்க பார்க்கலாமுக்கு அர்த்தம் தெரியாமலா இத்தனை வருஷம் குடித்தனம் பண்றேன்?"

அவருக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. சரி, படிக்கட்டும், தாராளமாகப் படிக்கட்டும், பெயர் பாட்டுக்கு வாசலில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சமாளித்துப் பார்த்தார்.

அவள் அப்பா இனிஷியலில் விண்ணப்பம் போட்டிருந்தாள். இன்னார் மனைவி என்று அவளுக்கு வழிகாட்டப்போகும் பேராசிரியைக்குத் தெரியாது.

"நேர்காணல்ல அந்தம்மா என்னை வறுத்தெடுத்துட்டாங்க. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இனிமே யாரு என்னை வறுப்பா? வாசல்ல பேரு தொங்குறவ எழுதினதை யாரு தப்புன்னு சொல்லுவா?"

துணைவேந்தரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

"பாருங்க, கை போனுக்குப் போகுது" என்றாள். கோபம்கூட இல்லை குரலில். "விடுங்க. விழா நடக்கட்டும். நான் வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். அதுதான் எனக்கு நல்லாப் பழகிடுச்சே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கடுக்கிற காலோடு துணைவேந்தர் அறைக்கு மாடியேறினார்.

விஷயத்தைக் கேட்டதும் துணைவேந்தர் நெளிந்தார். அழைப்பிதழ் போய்விட்டது, அமைச்சர் வருகிறார், விழா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இழுத்தார்.

முதலீட்டாளருக்குச் சிரிப்பு வந்தது. இந்த வார்த்தையை எத்தனை பேர் முகத்தில் தடவி அனுப்பியிருக்கிறார்!

"பார்க்கலாம் வேண்டாம் சார். பேரை இன்னைக்கே எடுத்துடுங்க. பணம் உங்களோடதுதான், திருப்பிக் கேக்க மாட்டேன். அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் ஆட்சிக்குழுவுலயும் நான் இல்ல."

அதற்குப் பதில் உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று துணைவேந்தர் கேட்டார். முடியாது என்றார். அந்தச் சொல் வாயில் புதிதாக இருந்தது.

இறங்கி வந்து சொன்னபோது அவள் நன்றி சொல்லவில்லை. பேராசிரியையிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன், கூட வர வேண்டாம் என்று எதிரில் இருந்த அந்தம்மா அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவர் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். எத்தனையோ பேர் தன் வாசலில் இப்படி உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று தோன்றியது. உள்ளே பேராசிரியையின் குரல் உயர்ந்தது. எழுந்துபோய்க் கதவைத் தட்டிவிடத் துடித்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அவள் வெளியே வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"மறைச்சதுக்குத் திட்டினாங்க. சேத்துக்கிறாங்களாம். ஆனா என் பழைய குறிப்பெல்லாம் எதுக்கும் ஆகாதாம், முதல்லேர்ந்து செய்யணுமாம்."

"அவ்வளவுமா?"

"அவ்வளவும்" என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.