மூன்றாவது பீப்பாயில் குடித்தவர்கள்

சான்லூகரில் பஸ்தோரா நடத்திய ஒயின் கடையில், வாசலிலிருந்து மூன்றாவதாக நின்ற பீப்பாயில் பிடித்த ஒயினைக் குடிப்பவருக்கு, அதே பீப்பாய் ஒயினை அந்த நேரத்தில் குடித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் என்ன சாப்பிடுகிறார் என்பது வாயில் ருசித்தது. உள்நாட்டு யுத்தம் முடிந்த மறுவருடக் கோடையில் இது தொடங்கியது. எங்கள் ஊர் ஒயினின் மேல், பாலில் ஆடை படிவதுபோல வெள்ளையாக ஒன்று படர்ந்து, காற்றுப் படாமல் அதைக் காக்கும். அந்தக் கோடையில் மூன்றாவது பீப்பாயில் மட்டும் ஆடை கிழிந்து அடியில் போய்விட்டது. வெளிறிய ஒயின் செம்பழுப்பாகி வறுத்த பாதாம் வாசனை அடித்தது. கெட்டுவிட்டது என்று கொட்டப்போன பஸ்தோரா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, கொட்டாமல் விற்றாள். ஒரு மாதத்துக்குள் ஊர் மானம் கப்பலேறியது. வேலையாகக் காடிஸ் நகரத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பத்திரப்பதிவாளர் ஒரு புட்டியோடு கிளம்பினார். அவர் மனைவி வீட்டில் ஒரு கிண்ணம் குடித்தாள். கசப்பு ஆரஞ்சுச் சாற்றில் வேகவைத்த திருக்கை மீன் அவள் வாயில் ருசித்தது. அதை அந்தப் பக்குவத்தில் செய்யத் தெரிந்தவள் எங்கள் தெருமுனைத் தையல்காரி ஒருத்திதான். இதுகூடப் பரவாயில்லை. அது பஞ்ச காலம். வேலியோரத்துக் கீரையை வேகவைத்துத் தின்றுவிட்டு, உதட்டில் கொஞ்சம் கொழுப்பைத் தடவிக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர்கள் நாங்கள். என் வீட்டுச் சட்டியில் என்ன இருக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரன் தெரிந்துகொள்வதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று எல்லோரும் அந்தப் பீப்பாயைக் கைகழுவினார்கள்.

பாசிலியோ அரானா மட்டும் விடவில்லை. அவன் பொனான்சா துறையில் மீன் ஏலம் கூறுபவன். எங்கள் ஏலத்தில் விலை மேலேயிருந்து கீழே இறங்கும். முதலில் கை தூக்குகிறவனுக்கு மீன். அதனால் ஏலக்காரன் வாய்க்கு ஓய்வே கிடையாது. காலையெல்லாம் எண்களைக் கொட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், நாற்காலியைத் தவிர அவனோடு இருக்க யாருமில்லை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால் அவனே கொஞ்ச நேரம் யோசிப்பான். தனியாக இருந்தாலும் சாப்பாட்டை ஏனோதானோ என்று விடுகிறவன் இல்லை. ஏலத்தில் கழித்துப்போட்ட மீனை வைத்துக்கொண்டு ராஜா வீட்டுச் சமையல் செய்வான். தட்டை வைத்து, துணி விரித்து, இரண்டு மணிக்கு உட்கார்ந்து, மூன்றாவது பீப்பாய் ஒயினை ஊற்றிக்கொள்வான். அவனுக்கு மறைக்க எதுவும் இல்லை, மறைக்க வேண்டிய ஆளும் இல்லை. வேறு யாரும் அதைக் குடிக்காததால் பல வருடங்கள் அவன் வாயில் அவன் சாப்பாடு மட்டுமே ருசித்தது. அது எவ்வளவு வெறுமையான ருசி என்று தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் மதியம், நாக்கு மீன் வறுவலைத் தின்று ஒரு மிடறு குடித்தபோது அவன் வாயில் காட்டு வாத்து ருசித்தது. தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்கு ஓடிவந்தான்.

பஸ்தோரா எல்லோரையும் ‘என் உயிரே’ என்றுதான் கூப்பிடுவாள், கடன்காரனையும் சேர்த்து. “என் உயிரே, உன்னத் தவிர அந்தப் பீப்பாயத் தொடற ஆளு இந்த ஊர்லயே இல்ல. வெயில்ல நின்னு நின்னு உனக்கு நாக்கு கலங்கிப்போச்சு.”

“வாத்து, பஸ்தோரா. உப்ப அள்ளிக் கொட்டியிருக்கு. பக்கத்துல ஆள் இல்லாதவங்க போடற உப்பு அது. ருசி பாக்க ஆளிருந்தா அப்படிப் போடமாட்டாங்க.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நேத்து தாமியான் படகுல அக்கரைக்கு ஒரு குடுவ போச்சு. என் மச்சான்தான் புடிச்சுக் குடுத்தான். எந்தப் பீப்பாய்லேருந்து புடிச்சானோ, குருட்டுப் பய!”

தாமியான் ஆற்றில் எங்கள் கரைக்கும் அக்கரைக் காட்டுக்கும் இடையே படகு விடுகிறவன். கேட்டதும் சொல்லிவிட்டான். பைன் காட்டுக்குள் நாணல் குடிசையில் கசில்டா என்று ஒருத்தி இருக்கிறாள். வனக்காவலனின் மனைவி. அவன் செத்த பிறகும் அங்கேயே தங்கி, பைன் கொட்டை பொறுக்கி, நாலு ஆடு மேய்க்கிறாள். “நல்ல பொம்பளதான். ஆனா பேசாது. நானும் எத்தனையோ தடவ பேச்சுக் குடுத்துப் பாத்துட்டேன். ஆட்டுக்கிட்ட பேசறதுகூட எங்கிட்ட பேசாது.”

அந்த அம்மாவின் குடுவைக்கு இனி மூன்றாவது பீப்பாயில்தான் பிடிக்க வேண்டும் என்று பாசிலியோ பஸ்தோராவிடம் சொல்லிவிட்டுப் போனான். ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் படகு அக்கரை போய்விடும். ஆனாலும் அவன் போகவில்லை. காரணம் பயம்தான், வேறு ஒன்றுமில்லை. போவதற்குப் பதிலாகச் சமைத்தான். வாத்தில் உப்பு அதிகம் என்று சொல்வதற்காக மறுநாள் இரண்டு மணிக்கு உப்பே போடாத உருளைக்கிழங்கைத் தின்று ஒயினைக் குடித்தான். அதற்கு அடுத்த நாள் அக்கரையிலிருந்து பதில் வந்தது, ஒரு முழுப் பச்சை வெங்காயம். அவன் கண்ணில் நீர் வழியச் சிரித்தான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அப்படி அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவன் கன்றின் குண்டிக்காயைக் காடியில் ஊறவைத்துக் கழுவி, பூண்டோடு வதக்கி, சட்டி கொதிக்கும்போது அதே ஒயினை ஊற்றிச் சுண்டவைத்தான். ஒயினைக் குடிக்க மட்டுமே தெரிந்திருந்த அவள், நாலு நாள் கழித்து முயலை அதே மாதிரி செய்தாள். அடி பிடித்திருந்தது, இருந்தாலும் அவன் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறாள் என்று பாசிலியோ பூரித்துப்போனான். வசந்தத்தில் அவள் காட்டுத் தண்ணீர்விட்டான் குருத்தை முட்டையில் போட்டுக் கிளறினாள். அவன் ஆர்ட்டிசோக் மொட்டை எண்ணெயில் வதக்கினான். அதைத் தின்றுவிட்டு எந்த ஒயினைக் குடித்தாலும் தகரத்தை நக்கியதுபோல் இருக்கும், இந்த ஒயின் மட்டும் அதனிடம் தோற்கவில்லை. பொடி இறால் அடைக்கு இந்த ஒயின் கனம், பறவைக் கறிக்கும் காளானுக்கும்தான் சரியான ஜோடி என்பதையெல்லாம் அவன் அவள் வாய் வழியாகக் கற்றுக்கொண்டான். அவள் கணவன் செத்த நாள் வருடாவருடம் வரும்போது அவள் வெறும் ரொட்டி தின்றாள். அன்று அவனும் வெறும் ரொட்டி தின்றான். பொழுது சாயும் நேரத்தில் சில நாள் மனசு கேட்காமல் இன்னொரு கிண்ணம் ஊற்றிக் குடித்துப் பார்ப்பான். அக்கரையில் அவள் அந்த நேரத்தில் குடிப்பதில்லை. வாயில் வெறும் ஒயின்தான் இருக்கும், அவனுக்கு அழுகை வரும்.

ஒரு மாரியில் இரண்டு மணி ஒயின் ஊமையாகிவிட்டது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பாசிலியோ ஏலத்துக்கு வரவில்லை. ஒரு கோழியை வேகவைத்து, சாற்றை வடித்து, அதில் ஒயினைக் கலந்து, பானையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு தாமியானின் படகில் ஏறினான். அவளுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்து ஊட்டினான். ஆடுகளைக் கறந்தான். அவள் எழுந்து நடமாடியதும் முதன்முதலாக இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அவள் வாத்தை ஒயினில் வேகவைத்திருந்தாள், அடி பிடிக்காமல். குடித்தார்கள். இருவரும் தின்றது ஒரே வாத்து, ஆகவே ஒயினுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. காலையெல்லாம் கத்திப் பிழைக்கிற பாசிலியோவுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், “ஆடுங்க நல்லா இருக்குதுங்க” என்றான்.

“இருக்குதுங்க,” என்றாள் அவள்.

ஒரு வாரம் இருந்து பார்த்தான். மரியாதையாக உப்பை நகர்த்திக் கொடுத்துக்கொண்டார்கள். குனிந்து தின்றார்கள். பக்கத்தில் ஆள் இருந்தும் இரண்டு பேரும் முன்னைவிடத் தனியாக இருந்தார்கள், அதுதான் கொடுமை. எட்டாம் நாள் அவளே வாயைத் திறந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கரையில இருந்தப்போ எவ்வளவோ பேசினீங்க. இங்க வந்து ஊமையாயிட்டீங்க. நானுந்தான்.”

“நான் போயிடட்டுமா?”

“போங்க. ஆனா ரெண்டு மணிக்கு வந்துருங்க.”

வசந்தம் பிறந்து ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. அன்று சாயங்காலமே மணப்பெண் படகேறி அக்கரை போய்விட்டாள், மாப்பிள்ளை துறையில் நின்று தொப்பியை ஆட்டினான். ஊர் ஒரு மாதம் விழுந்து விழுந்து சிரித்தது. “பொண்டாட்டிய படகு ஏத்திவிட்டுட்டு வந்து என்கிட்ட முகம் மழிச்சுக்கற மாப்பிள்ளைய இப்பத்தான்யா பாக்கறேன்,” என்றான் நாவிதன் கிறிஸ்பின். பாசிலியோ சோப்பு நுரைக்குள்ளிருந்து, “நாளைக்கு முயல் வெக்கறா,” என்றான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பீப்பாய் பாதியானபோதெல்லாம் பஸ்தோரா புது ஒயினை ஊற்றி நிரப்பினாள். உள்ளே இருந்த பழசு புதுசைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆற்றில் நிறைய வெள்ளம் போயிற்று, இருவருக்கும் தலை நரைத்தது. வருடத்தில் ஒன்றிரண்டு தடவை பார்த்துக்கொண்டால் உண்டு. தினமும் இரண்டு மணிக்குச் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

ஒரு நவம்பர் காலை, கணவாய் மீன் கூடைக்கு விலையை இறக்கிக்கொண்டிருந்த பாசிலியோ நடுவில் நிறுத்தினான். ஏலம் நின்று நாங்கள் பார்த்ததே இல்லை. பக்கத்திலிருந்த பெட்டியில் உட்கார்ந்தான், செத்துப்போனான். மலைப்பக்கம் மழை கொட்டி ஆற்று வெள்ளம் மரங்களை வேரோடு அடித்துக்கொண்டு வந்த நேரம் அது. படகு இறக்கவே முடியாது என்று தாமியான் கைவிரித்துவிட்டான். அவளுக்கு ஆள் அனுப்ப வழியில்லாமல் மறுநாள் அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, நனைந்த கோட்டுகளோடு பஸ்தோராவின் கடையில் ஒதுங்கினோம். கடிகாரம் இரண்டை நெருங்கியது. யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

“இப்ப தட்டு வெச்சிருப்பா,” என்றாள் பஸ்தோரா. “நேத்து அவ வாய்க்கு ஒண்ணும் வரல. இன்னிக்கும் வரலன்னா?”

எல்லோருக்கும் புரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. அதைச் செய்தால் எங்கள் சட்டியும் பானையும் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதும் தெரிந்தது. பஸ்தோரா மூன்றாவது பீப்பாயின் கீழே தன் கிண்ணத்தைப் பிடித்தாள். “எங்க வீட்ல இன்னிக்கு வறுத்த மிளகாயும் காஞ்ச ரொட்டியுந்தான். தெரிஞ்சா தெரியட்டும், போ!”

கிறிஸ்பின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான். தினமும் தன் வீட்டுப் பன்றித்தொடையின் கொழுப்பு மடிப்பைப் பற்றியே பேசியபடி எங்கள் கன்னத்தை மழிக்கிறவன். “எனக்கும் ஊத்து, பஸ்தோரா. ஆனா எங்க வீட்ல என்னன்னு யாரும் கேக்கக் கூடாது.”

“கேக்கவே வேணாம், என் உயிரே. வாயிலயே தெரிஞ்சுபோவும்.”

அவன் சிரித்தபடி புட்டியை நீட்டினான். பிறகு தையல்காரி வந்தாள். பத்திரப்பதிவாளரின் மனைவியும் வந்தாள், தையல்காரிக்குப் பக்கத்தில் நின்றாள். தெருவே புட்டிகளோடு நின்றது. ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினோம். மணி இரண்டடித்தபோது குடித்தோம். வறுத்த மிளகாய் வந்தது, நேற்றைய பயறு வந்தது, அது என் வீட்டுப் பயறு. மத்தி மீன் தலை, எண்ணெய் விடாத பூசணி, பூண்டு தேய்த்த ரொட்டி, யார் வீட்டிலோ அன்றைக்கென்று ஒரு முட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் இளஞ்சூடாக ஒன்று இருந்தது. வெந்நீர், உப்பு, ஒரு பிரிஞ்சி இலை, அவ்வளவுதான். அது யார் வீடு என்று யாரும் சொல்லவில்லை. நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பாசிலியோவுக்காக அழுதேனா, அந்த வெந்நீருக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆறு வடிந்ததும் தாமியான் துக்கம் சொல்லப் போனான். அவள் முன்பே கறுப்பு உடுத்தியிருந்தாள். ஆட்டைக் கறந்துகொண்டே பேசினாளாம், அதற்கு முன் அவனிடம் பேசாத அளவு. திரும்பி வந்தவன் கடையில் எங்கள் நடுவில் நின்று, அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

“‘அவ்வளவு பேரு வந்திருந்தாங்க, அதுல அவரு கை மட்டும் இல்ல. வாயில வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு. வந்தவங்க எல்லாருக்கும் நன்றின்னு சொல்லு. தெனமும் வரச் சொல்லு’ன்னு சொல்லிச்சு.” தாமியான் சாக்கிலிருந்து ஒரு காட்டு வாத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். “அப்புறம், ‘உப்புத் தண்ணில பிரிஞ்சி எலை போட்டுக் குடிக்கறாரே ஒருத்தரு, பேரு எனக்குத் தெரியாது, அவருக்கு இதக் குடு’ன்னுச்சு.”

வாத்து மேசைமேல் கிடந்தது. கிறிஸ்பின் மூலையிலிருந்து எழுந்து வந்தான். வாத்தை எடுத்தான். கோட்டுக்குள் மறைக்காமல், காலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, தெரு நடுவே நடந்து வீட்டுக்குப் போனான். மறுநாள் இரண்டு மணிக்கு எங்கள் எல்லோர் வாயிலும் வாத்து ருசித்தது. அக்கரையிலும் ருசித்திருக்கும்.