யார் கண்ணும் படாத வீடு

அதியமான்கோட்டையில் லாரி டிரைவர் மாதவராஜ் கட்டிய புது வீடு, மூன்று வருடத்துக்கு முந்தைய ஆவணி முதல் வெளியே நிற்கும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெருவும் நெடுஞ்சாலையும் வழக்கம்போலத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் எருக்கஞ்செடி முளைத்த காலி மனைதான். கரண்ட் பில் மட்டும் தவறாமல் வருகிறது.

காரணம் ஒரு ஜன்னல். கோரக்பூருக்கு லோடு ஏற்றிப்போன மாதவராஜ், நேபாள எல்லையில் ஒரு பழைய சாமான் கடையில் அதை வாங்கினான். நேபாளத்து பக்தபூரில் பூகம்பத்தில் இடிந்த, நேவார் இனத்தார் வீட்டு ஜன்னல் அது. கறுத்த மரம், ஆணியே இல்லாமல் குச்சிகளைப் பின்னிய சின்னச் சின்னக் கட்டங்கள், ஓரமெல்லாம் மயிலும் பாம்பும். உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. அதற்காகவே செய்தது. அதோடு சாண் நீள இரும்புச் சாவி ஒன்றையும் கடைக்காரன் கொடுத்தான். பூட்டில்லாத சாவியை வைத்து என்ன செய்வது? கிரகப்பிரவேசத்தன்று ஊரே ஜன்னலைப் பார்த்து வாயைப் பிளக்கவும், அவன் மனைவி பானுமதி கண்பட்டுவிடும் என்று பயந்தாள். எலுமிச்சை, மிளகாய், படிகாரத்தோடு சாவியையும் சேர்த்து நிலையில் திருஷ்டிக்குக் கட்டி, "யாரு கண்ணும் எங்க வூட்டு மேல படக்கூடாது சாமி" என்று கும்பிட்டாள். ஜன்னலுக்குத் தெரிந்த ஒரே வேலையும் அதுதான்.

மறுநாள் சாயங்காலம் காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கிய மகள் ஐஸ்வர்யா, தெருவில் திகைத்து நிற்பதை பானுமதி ஜன்னல் வழியே பார்த்தாள். கத்திக் கூப்பிட்டாள், மகள் திரும்பவில்லை. போன் அடித்தது.

"அம்மா, நம்ம வூடு எங்கம்மா?"

"என்னடி ஒளர்ற? எதுத்தாப்லதான நிக்கற. நான் உன்னப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இங்க வெறும் செடிதாம்மா இருக்கு. எனக்குப் பயமா இருக்கும்மா."

மகளைக் கூட்டிவரப் படியிறங்கிய மாதவராஜ் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் செடிதான் தெரிந்தது. இருவரும் கையை நீட்டிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்தை நெருங்கியதும், எதிலும் இடிக்காமல் பின்பக்கக் கொல்லையில் இருந்தார்கள். பானுமதி ஓடிவந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தானும் இறங்கிவிட்டால் வீட்டை அறிந்த கண் ஒன்றுகூட மிஞ்சாது என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. இறங்காவிட்டால் புருஷனும் பிள்ளையும் இல்லை.

கூடிய கூட்டத்தில் நெடுஞ்சாலை ஓட்டல் சமையல்காரன் ரத்னமானும் இருந்தான். பக்தபூர்க்காரன், நேவார்; கிரகப்பிரவேசத்தில் அந்த ஜன்னலையும் சாவியையும் பார்த்தவன். அவன் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஐஸ்வர்யாவிடம் போனை வாங்கினான்.

"அக்கா, எங்க ஊர்ல புதுப் பொண்ணு சும்மா உள்ள வராது. வீட்டம்மா சாவி ஒரு பக்கம் பிடிக்கும், பொண்ணு இன்னொரு பக்கம் பிடிக்கும். அப்படியே உள்ள கூட்டிட்டுப் போகும். அந்த ஜன்னல் சாவி இருக்கா?"

பானுமதி திருஷ்டிக் கயிற்றை அறுத்தாள். நிலைக்கு உள்ளேயே நின்று சாவியை நீட்டினாள். எருக்கஞ்செடிக்கு மேலே ஒரு இரும்பு முனை மட்டும் அந்தரத்தில் நீண்டதைத் தெருவே பார்த்தது. ஐஸ்வர்யா அழுதுகொண்டே அதைப் பிடித்தாள். சாவி கனத்தது, பானுமதி இழுத்தாள். மகள் வந்து மேலே விழுந்தாள். அடுத்து மாதவராஜை இழுத்தாள்.

கயிறு போன பிறகும் வீடு வெளியே தெரியவில்லை. இப்போது சிலிண்டர் போடுபவர் காலி மனை முன்னால் நின்று "சாவிங்கம்மா" என்று குரல் கொடுக்கிறார். எந்நேரமும் யாராவது உள்ளே இருந்தாக வேண்டும், அது பானுமதிதான். ஐஸ்வர்யாவின் கல்யாணம் நல்லம்பள்ளி மண்டபத்தில் நடந்தபோது, வீட்டில் வேறு யாரையாவது உட்கார வைக்கலாம் என்றார்கள். அவர்கள் மறந்துபோய் வெளியே கால் வைத்துவிட்டால்? அந்தப் பயத்தில் அவள் போகவில்லை. தாலி கட்டுவதைப் போனில் பார்த்து அழுதாள். சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் தெருவில் வந்து நின்றதும் சாவியை நீட்டினாள். மறுமுனை கனக்கிறவரை மறுகையால் நிலையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, சாவியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.