வள்ளம் வருது, வழி விடுங்கோ

ஜூலியனுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஆனால் அது வீட்டுத் தண்ணீராக இருக்கவேண்டும். அதே பிள்ளையை ரொறொன்ரோவில் இருக்கிற மில்லிக்கன் நீச்சல் குளத்தில் இறக்கினால், ஸ்டீல்ஸ் வீதியில் போகிற கார்க்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி அலறுவான்.

பல் முளைக்கிற பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு எதற்கு என்று தாய் ஷரோனைக் கேட்காத ஆளில்லை. அவளுக்கே நீந்தத் தெரியாது. இது அவளுடைய யோசனையும் அல்ல. யாழ்ப்பாணத்தில், பாசையூரில் இருக்கிற அவளுடைய புருஷன் மரியோவின் கட்டளை.

"கடற்கரையில வளர்ந்தவன்ர பிள்ளை தண்ணிக்குப் பயந்தால் ஊரில என்ன சொல்லுவினம்? நான் வாறதுக்கு முதல், ஷரோன், நீர் அவனைத் தண்ணியோட பழக்கிவிடும். மிச்சத்தை நான் வந்து பாக்கிறன்."

எப்போது வருவான் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாத சங்கதி. ஷரோன் ஊருக்குப் போய்க் கலியாணம் செய்து, வயிற்றில் பிள்ளையோடு ரொறொன்ரோவுக்குத் திரும்பியவள். புருஷனைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தது. மரியோ தன் பிள்ளையை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறான்.

அதனால் குளிப்பு நேரத்தை அவர்கள் இருவரும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். இங்கே பொழுதுபடும்போது அங்கே விடியப்புறம். மீன் ஏலத்துக்கு வெளிக்கிடுவதற்கு முதல் மரியோ எழும்பி அழைப்பான். ஷரோன் போனைப் பிளாஸ்ரிக் பையில் போட்டு, குளியல் தொட்டியின் கோடியில், சுவர் மூலையில் இருக்கிற சின்னத் தட்டில், ஷாம்பூப் போத்தலோடு சாய்த்து வைப்பாள்.

"முதல் காலுக்கு," என்பான் மரியோ. ஷரோன் ஒரு கை தண்ணீர் விடுவாள். "இப்ப வயித்துக்கு." அதற்கும் ஒரு கை. "சரி, வள்ளம் வருது, வழி விடுங்கோ." அப்போதுதான் தலைக்குத் தண்ணீர். பிள்ளை கண்ணை இறுக்கி மூடி, திறந்து, போனைப் பார்த்துக் கெக்கட்டமிட்டுச் சிரிப்பான். எட்டி அதைத் தட்டுவான். சில நாட்களில் இணைப்பு இழுபட்டு மரியோவின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். பிள்ளையும் அதைப் பார்த்தபடி அசையாமல் இருப்பான். பிறகு உதடு பிதுங்கும்.

"எனக்கு ஒண்டுதான் பயம்," என்று மரியோ ஒருநாள் சொன்னான். "வந்து நிக்கேக்க என்னை அறிவானோ?"

"உங்கட குரலைக் கேட்டாலே சிரிக்கிறான்."

"குரல் றேடியோவிலயும்தான் கேக்கும், ஷரோன்."

போனை வைத்தபின், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, எட்டாத இடத்தில் தொங்கிய துவாயைப் பார்த்தாள். 'துவாயை எடுங்கோ' என்று சொன்னதும் அதை எடுத்து நீட்ட ஒரு கை வேண்டும். தனக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். அது பச்சைப் பொய். அவளுக்கு முழு மனிதனும் வேண்டும், மீன் வாடையோடு, குறட்டையோடு.

நீச்சல் குளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வகுப்பு எடுத்தவள் சுபாங்கி, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு ஷரோனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, உங்கட ஷோல்டர்ஸ் ரெண்டும் காதுக்குக் கிட்ட நிக்குது. பேபி அதை ஃபீல் பண்ணுறான். மூச்சை விடுங்கோ. ஏதாவது பாடுங்கோ, எதெண்டாலும் ஓகே."

மற்றத் தாய்மார் வாத்தைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் இங்கிலிஷில் பாடிக்கொண்டிருந்தார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நிற்கிறவளுக்கு வாத்து ஞாபகம் வருமா? வாயில் வந்தது, யேசுவின் பாடுகளை நினைக்கிற தபசுகாலத்தில் கோவிலில் படிக்கிற ஒப்பாரி. மாதாவின் வியாகுலத்தை அவள் இழுத்து இழுத்துப் பாட, பிள்ளை அதற்குத் தக்கபடி சேர்ந்து அழுதான். சுபாங்கி பாவம், "நைஸ் சோங்," என்றாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஷரோன் பாட்டை விட்டுவிட்டு, பிள்ளையின் காதோடு, மரியோ சொல்கிற இழுவையிலேயே மெல்லச் சொன்னாள்: "வள்ளம் வருது, வழி விடுங்கோ."

அழுகை நின்றது. கால்கள் இரண்டும் தண்ணீரை உதைத்தன. அவளுடைய தோள்களும் தாமாக இறங்கின. அன்றிலிருந்து அந்த ஒரு வசனத்தோடு பிள்ளை குளத்துக்குப் பழகினான், முதுகில் மிதந்தான், மூக்குக்குள் தண்ணீர் போனாலும் தும்மிவிட்டுச் சிரித்தான். "உங்கட வள்ளம்தான் காப்பாத்தினது," என்று அவள் மரியோவுக்குச் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த வசனம் கேட்கும்போதெல்லாம் பிள்ளை தாயைப் பார்ப்பதில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி, குளத்தின் ஓரத்து மூலைகளில் எதையோ தேடுவான்.

மரங்கள் நிறம் மாறத் தொடங்கிய நேரத்தில் மரியோவுக்கு விசா வந்தது.

"தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும், நீ கவலைப்படாதை," என்று ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விமான நிலையத்தில் தசையும் ஆடவில்லை, ஒன்றும் ஆடவில்லை. மரியோ கையை நீட்டியதும் பிள்ளை ஷரோனின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீரிட்டான். கார் வீட்டுக்கு வரும்வரை மரியோ பின்சீற்றைத் திரும்பிப் பார்ப்பதும், அவன் பார்த்தால் பிள்ளை அழுவதுமாக இருந்தது. கடைசியில் அவன் பார்க்காமலே இருந்தான்.

அன்று பொழுதுபட்டதும் ஷரோன் தொட்டியில் தண்ணீர் பிடித்தாள். "இண்டைக்கு நீங்கள் வாருங்கோ," என்றாள்.

மரியோ களிசானை முழங்கால்வரை மடித்துவிட்டு, தொட்டி விளிம்பில் இருந்து, ஒரு கை தண்ணீர் அள்ளினான். பிள்ளை தாயிடம் தாவி அழுதான்.

"சொல்லுங்கோவன்," என்றாள் ஷரோன்.

"வெக்கமாக் கிடக்கு."

"ஆருக்கு முன்னால வெக்கம்? சொல்லுங்கோ."

மரியோ தொண்டையைச் செருமினான். "முதல் காலுக்கு," என்றான். அழுகை தணிந்தது. "இப்ப வயித்துக்கு." பிள்ளை விக்கினான். "வள்ளம் வருது, வழி விடுங்கோ."

பிள்ளையின் முகம் மலர்ந்தது. தலையைத் திருப்பினான். பக்கத்தில் விளிம்பில் இருந்த தகப்பனை அல்ல, தொட்டியின் கோடியில் இருந்த போன் இல்லாத தட்டைப் பார்த்தான். அங்கே ஷாம்பூப் போத்தல் மட்டும் நின்றது. அதைப் பார்த்துக் கையை ஆட்டி, கெக்கட்டமிட்டுச் சிரித்தான்.

மரியோவின் கை அந்தரத்தில் நின்றது. போனை அந்த இடத்தில் வைத்தவள் ஷரோன்தானே. இத்தனை மாதமும் பிள்ளைக்குத் தகப்பனை அந்த மூலையில்தானே காட்டினாள்.

"அவனுக்கு நான் அங்கைதான் இருக்கிறன், என்ன?" என்றான் மரியோ.

அவள் ஓம் என்று தலையசைத்தாள். அழுதுவிட்டாள்.

மரியோ எழும்பினான். கழற்றாத சேட்டோடும் களிசானோடும் தொட்டிக்குள் காலை வைத்தான். பிள்ளையைத் தாண்டிக் கோடிக்குப் போய், முழங்கால்களை மடக்கி மூலைக்குள் நெருக்கியடித்து இருந்தான். தண்ணீர் வழிந்து நிலமெல்லாம் ஓடியது. போத்தலை எடுத்து ஷரோனிடம் நீட்டிவிட்டு, அது நின்ற தட்டில் நாடியை ஊன்றி முகத்தைப் பிள்ளைக்குக் காட்டினான்.

"வள்ளம் வருது," என்றான். "வழி விடுங்கோ."

பிள்ளை பார்த்தான். வாயைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், மறுபடியும் வாயைப் பார்த்தான். பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தவழ்ந்து போய், போனைத் தட்டுவது போலவே அவன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

மரியோ அசையவில்லை. அசைந்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று பயந்தவன் போல வாய் திறந்தபடி அப்படியே இருந்தான். பிள்ளையின் உதடு பிதுங்கத் தொடங்கியது.

"அசையுங்கோ, மரியோ," என்றாள் ஷரோன். "அவன் லைன் அறுந்திட்டுதெண்டு நினைக்கிறான்."

மரியோ இரண்டு கைகளையும் நீட்டிப் பிள்ளையைத் தூக்கினான்.